சூப்பர் டக்குமார் 55 எம்எம் லென்ஸும் எம்42 அடாப்டரும்: பினாங்கு ஜார்ஜ் டவுனில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

பழைய லென்ஸ்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் லென்ஸின் பெருமையை விரிவாகப் பேசிவிட்டு, அதைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். சூப்பர் டக்குமார் 55 எம்எம் எஃப் 1.8 லென்ஸை சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் பொருத்திப் படமெடுத்து வருபவன் என்ற முறையில், படத்தின் தரத்திலும் எடுப்பவரின் பொறுமையிலும் அந்த அலுமினிய வளையத்துக்கு இருக்கும் பங்கு லென்ஸின் பங்குக்குக் குறைந்ததல்ல என்பதே என் கருத்து. ஆகவே முதலில் அடாப்டரைப் பார்ப்போம்.

சூப்பர் டக்குமார் எம்42 என்னும் பழைய திருகு வகை மவுண்ட் கொண்டது; மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவில் பொருந்தும் பகுதி. எம்42 லென்ஸ் ஒவ்வொன்றும் தன் மவுண்ட் விளிம்பிலிருந்து 45.46 மி.மீ. பின்னால் பிம்பம் விழும்படி வடிவமைக்கப்பட்டது. சோனி ஈ மவுண்டில் விளிம்புக்கும் சென்சருக்கும் இடையே உள்ள தூரம் 18 மி.மீ. மட்டுமே. மீதமுள்ள 27.46 மி.மீட்டரை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. அதற்குள் கண்ணாடியும் கிடையாது, மின்தொடர்பும் கிடையாது. நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அந்தக் கேமராக்களின் எஃப் மவுண்டில் இந்தத் தூரமே 46.5 மி.மீ. என்பதால், இடையில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் எம்42 லென்ஸால் தொலைவில் உள்ள எதையும் தெளிவாகக் காட்ட முடியாது.

இணையத்தில் வாங்கிய இரண்டு அடாப்டர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று மிக மலிவானது, மற்றொன்று அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. நிறுவனப் பெயர்களைத் தவிர்க்கிறேன். ஒரே பெயரில் வரும் சரக்கே தொகுதிக்குத் தொகுதி மாறுவதால் பெயரை நம்பி வாங்குவதில் அதிகப் பயனில்லை. இரண்டையும் பாடாங் கோத்தா லாமா கடற்கரைச் சுவரோரம் வைத்துச் சோதித்தேன். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும் இடம் அது. லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சரை முழுதாகத் திறந்து, திரையில் 11.7 மடங்கு பெரிதாக்கி, அந்த இரும்புச் சட்டங்கள் எந்த இடத்தில் கூர்மையாகின்றன என்று பார்த்தால் அடாப்டரின் யோக்கியதை தெரிந்துவிடும். விலை கூடியது லென்ஸின் முடிவிலிக் குறியை ஒட்டியே கூர்மை தந்தது. மலிவானது லென்ஸின் தூர அளவில் 30 மீட்டர் வரும் இடத்திலேயே கூர்மை தந்துவிட்டு, அதற்கு அப்பால் வளையத்தைத் திருப்பியபோது மீண்டும் மங்கியது. அதாவது அது இருக்க வேண்டியதைவிடச் சுமார் 0.1 மி.மீ. மெல்லியது. தடிமன் கூடிவிட்டால் முடிவிலியே கிடைக்காது என்பதால், தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சற்றுக் குறைத்துச் செய்வது வழக்கம்.

ஒரு தலைமுடியளவு வித்தியாசம்தானே என்று தோன்றலாம். திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு அது பொருட்டே அல்ல. ஆனால் லென்ஸில் பொறித்த தூர அளவை நம்பி, முன்கூட்டியே ஃபோகஸை அமைத்துக்கொள்பவருக்கு அது பெரிய விஷயம். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோவில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் புறப்படுகையில், தேங்காய் உடைப்பவரின் கையைப் பார்த்துப் பார்த்து ஃபோகஸ் செய்ய யாராலும் முடியாது. எஃப் 8, ஐந்து மீட்டர் என்று வைத்துவிட்டால், கணக்குப்படி 3.6 மீட்டர் முதல் 8.3 மீட்டர் வரை தெளிவாக இருக்க வேண்டும். மலிவான அடாப்டரிலோ அந்த ஐந்து மீட்டர் உண்மையில் ஆறு மீட்டராகிவிடுகிறது. நான்கு மீட்டருக்கு உள்ளே நிற்பவர் மங்கிப்போகிறார். கூட்டத்தில் நமக்கு வேண்டிய ஆள் நிற்பது அந்தத் தூரத்தில்தான்.

இன்னொரு குறை உட்சுவர். மலிவான அடாப்டரைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கறுப்புப் பூச்சு பளபளவென்று மின்னுகிறது. எதிர்வெயிலில் அந்த மினுக்கம் சென்சர் மீது சிதறிப் படம் முழுவதையும் வெளிறச் செய்கிறது; பழி லென்ஸ் மீது விழுகிறது. கறுப்பு வெல்வெட் தாளை வெட்டி உள்ளே ஒட்டியதும் பெரும்பகுதி சரியாகிவிட்டது. திருகு மவுண்ட் என்பதால் லென்ஸின் அளவுக்கோடு நேர் மேலே வந்து நிற்காமல் பக்கவாட்டில் நின்றதும் உண்டு. அடாப்டரின் ஓரத்தில் உள்ள மூன்று சின்னத் திருகாணிகளைத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பி முடுக்கினால் அது நேராகிவிடும். விலை கூடியதில் இந்த வேலைகள் எதுவும் தேவைப்படவில்லை.

இனி லென்ஸ். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் இத்தகைய லென்ஸ்கள் கண்ணில் படுவதுண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காத ஒன்று கிடைப்பதுதான் அரிது. கைபேசி விளக்கைப் பின்புறமிருந்து பாய்ச்சி, முன்புறமிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட கோடுகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வைத்துவிட்டு வருவதே நல்லது. கண்ணாடி தேநீர் நிறத்தில் இருந்தால் அது வேறு கதை: இந்த லென்ஸின் சில வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி பயன்பட்டது, அது காலப்போக்கில் மஞ்சளிக்கும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதன்பின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் டிரை கேபினட் (ஈரம் உறிஞ்சும் பெட்டி) கட்டாயம்.

பொருத்தியதும் லென்ஸின் பக்கத்தில் உள்ள சிறிய விசையை எம் பக்கம் தள்ளிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அபர்ச்சர் வளையத்தைத் திருப்பினாலும் இதழ்கள் அசையாமல் போகலாம். கேமராவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை இயக்கி, அதிர்வுத் தடுப்புக்கான குவியத்தூரத்தை நாமே உள்ளிட வேண்டும். படத் தகவலில் அபர்ச்சர் எண் பதிவாகாது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

எஃப் 1.8இல் படம் மென்மையாக, ஒளி-நிழல் மாறுபாடு சற்றுக் குறைந்து வருகிறது. எஃப் 4இல் இன்றைய லென்ஸ்களோடு வைத்துப் பார்க்கலாம். கூர்மையான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் முழுதாக நம்பக் கூடாது. மார்க்கெட் ஸ்திரீட் புடவைக் கடை வாசலில் ஒரு பாட்டியம்மாவைப் படமெடுத்தபோது, அவருக்குப் பின்னால் தொங்கிய பட்டுப் புடவையின் ஜரிகை முழுவதும் சிவப்பாக மின்னியது. அவர் கண்களிலோ ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை. மாறுபாடு மிகுந்த விளிம்பு எதுவாயினும் பீக்கிங் அதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டு, கண்ணிமையில் நிறுத்துவதே சரியான வழி. நின்று பேசிவிட்டு எடுக்கும் படங்களுக்கு இது போதும். ஓடியாடும் பிள்ளைகளுக்கும், தண்ணீர்மலைக் கோவிலில் இரவு நேரக் காவடிக்கும் தானியங்கி லென்ஸையே எடுத்துச் செல்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு விலை கூடிய அடாப்டரையே பரிந்துரைப்பேன். திரையைப் பார்த்து மட்டுமே ஃபோகஸ் செய்வேன், வெல்வெட் தாளும் ஒட்டிக்கொள்வேன் என்பவருக்கு மலிவானதே போதும். எதை வாங்கினாலும் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கடற்கரைக்குப் போய்ச் சோதித்துவிடுங்கள். இரண்டாவது எம்42 லென்ஸ் வந்தால் அதற்கென்று தனி அடாப்டர் வாங்கி, ஈ மவுண்ட் பின்மூடியோடு நிரந்தரமாக விட்டுவிடுங்கள். தெருவில் நின்று திருகைக் கழற்றி மாட்டும் நேரத்தில் சென்சரில் தூசிதான் சேரும்.