ஊட்டிக் குளிருக்கு ட்யூப் மாடல் சோலார் ஹீட்டர் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் மாட்டுகிற விதத்தில்தான் பாதிப் பலன் இருக்கிறது.

முதலில் கணக்கு. 15 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 4.7 யூனிட் மின்சாரம் செலவாகும். தினமும் அவ்வளவு என்றால், இரண்டு மாத பில்லில் 280 யூனிட் வெந்நீருக்கே போகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கும் மாறிவிடும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், நாளொன்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல் நம் குளியலறைக் கணக்கில் ஏறுகிறது. சம்பளக்காரக் குடும்பம் தன் கைக்காசில் குறைக்கக்கூடிய பங்கு இது, தள்ளிப்போடக் காரணமில்லை.

மலைக்கு ட்யூப் மாடலே எங்கள் தேர்வு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் பிளேட் மாடலின் (தட்டையான கண்ணாடிப் பெட்டி வகை) செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். இரட்டைக் கண்ணாடி ட்யூபின் நடுவிலுள்ள வெற்றிடம் ஃபிளாஸ்க் மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கிறது. நான்கு பேருக்கு 100 லிட்டர் போதும். 200 லிட்டர் வாங்கச் சொல்வார்கள். அந்தக் கூடுதல் பணத்தைக் குழாய்க்குப் போடுங்கள். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், சுடுநீர் வருமுன் கிட்டத்தட்ட 5 லிட்டர் பச்சைத்தண்ணீர் வீணாகும். அதனால் ஹீட்டர் குளியலறைக்கு நேர் மேலே வரட்டும். சுடுநீர் லைன் சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சி.பி.வி.சி.யாக, முழு நீளத்துக்கும் ஃபோம் உறையோடு இருக்கட்டும்.

தெற்குப் பார்த்து, 25 டிகிரிச் சாய்வில் வையுங்கள். டிசம்பரில் நண்பகலில்கூட சூரியன் இங்கே 55 டிகிரிக்கு மேல் ஏறாது. ஹீட்டர் மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் 7 மீட்டருக்கு நிழல் விரிக்கும். மாட்டும் முன் மரத்தைப் பாருங்கள்.

பழுதுகளில் பெரும்பாலானவை மாட்டும் அன்றே விதைக்கப்படுபவை. வெறும் ட்யூபை மதிய வெயிலில் காயவிட்டுக் குளிர்ந்த நீரைத் திறந்தால் படீரென்று விரிசல் விடும். விடியற்காலையில் நிரப்ப வேண்டும். மேல்தொட்டியின் அடிப்பகுதி ஹீட்டர் டேங்க்கின் தலைக்கு மேலே ஓர் அடியாவது இருக்க வேண்டும். ஹீட்டர் டேங்க்குக்குக் காற்று போய்வரும் ஏர் வென்ட் குழாய் மேல்தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும். அதில் குளவி கூடு கட்டினால், தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வராமல் டேங்க் உள்வாங்கிச் சப்பிப்போகும். குரங்கு வரும் குன்னூர்ப் பக்கம் கம்பிவலையும் சேர்த்து வாங்குங்கள்.

மழைக்காலத்துக்கு டேங்க்குக்குள் 2 கிலோவாட் மின்சாரக் காயில் தேவை. ஆனால் பகல் முழுக்க அதைப் போட்டு வைத்தால் டேங்க் முன்பே சூடாகிவிடும், வெயிலுக்கு வேலையில்லை. குளிர்ந்த டேங்க்கைச் சூடாக்க அதற்கு இரண்டே கால் மணி நேரம்தான் ஆகும். டைமரில் அதிகாலைக்கு மட்டும் வையுங்கள். மேகமில்லாத நாளுக்கு அதுவும் வேண்டாம்.

பிரதமரின் சூர்யகர் மானியம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு மட்டும்தான். ஹீட்டருக்கும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

தண்ணீர் சூடு குறைந்தால் ட்யூபைக் கழற்றி நுனியைப் பாருங்கள். வெற்றிடம் இருக்கும்வரை அங்கே வெள்ளிக் கண்ணாடிபோல் ஒரு பளபளப்பு தெரியும். காற்றுப் புகுந்ததும் பால்போல் வெளுத்துவிடும். வெளுத்த ட்யூபை மட்டும் மாற்றினால் போதும், முழு செட்டையும் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.