மூக்கு வழியா, மண்டையைத் திறந்தா?

கும்பகோணத்தில் எங்கள் சித்திக்குப் பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாமல் போனபோது கண்புரை என்றுதான் நினைத்தோம், ஸ்கேனில் பார்த்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியில் அடினோமா என்ற கட்டி, பக்கத்திலேயே மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற இன்னொரு கட்டி. இரண்டும் சேர்ந்து வருவது ரொம்ப அபூர்வம்.

அறுவை சிகிச்சைக்கு மூக்கு வழியாகப் போனால் தலையில் தழும்பு இல்லை, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம், பிட்யூட்டரிக் கட்டிக்குப் பெரும்பாலும் அதுதான் வழி. ஆனால் மூளை நீர் மூக்கில் கசியலாம், மெனிஞ்சியோமா ஓரமாகத் தள்ளி இருந்தால் கருவி எட்டாது. மண்டையைத் திறந்தால் சில சமயம் இரண்டையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம், தேறத்தான் நாளாகும்.

அப்புறம், அடினோமா புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) சுரக்கிற வகை என்றால் பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும் (மெனிஞ்சியோமா அதற்கெல்லாம் அசையாது), அதனால் ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்த பிறகே கத்தியைப் பற்றிப் பேசுங்கள். சித்திக்கு இரண்டும் நடுவிலேயே இருந்தன, மூக்கு வழியையே தேர்ந்தெடுத்தோம்.