விடுமுறையில் ஏபிஎல்ஏ டெஸ்ட்: ஊரில் எது நடந்தது, எது நடக்காது

இரண்டு முறை கரு கலைந்த பிறகு, நான் வசிக்கும் இடத்தில் கிடைத்த பதில், "மூன்றாவது முறையும் ஆனால் காரணம் தேடலாம்." அதுவரை காத்திருக்க மனம் ஒப்பவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஏபிஎல்ஏ டெஸ்ட் எடுத்துவிட முடிவுசெய்தேன். ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கக்கூடிய சில எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி) உடலில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அது. அவற்றால் வரும் நோய்க்குப் பெயர் ஏபிஎஸ். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே இரண்டு இழப்புகளையே தொடர் கருச்சிதைவு என்கிறது. ஊரில் இந்த வாதத்துக்கே வேலை இல்லை. அப்பாயின்ட்மென்ட் உடனே கிடைத்தது.

முதலில் போனது ஒரு கருத்தரிப்பு மையம். என் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் அச்சடித்த 'இம்யூன் பேக்கேஜ்' தாளை நீட்டினார்கள். ஏபிஎல்ஏ, ஏஎன்ஏ (செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்), தைராய்டு எதிர்ப்பொருள், என்கே செல் (ஒருவகை வெள்ளணு) என்று நீளமான பட்டியல். என்கே செல் அளவைப் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சைகளுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. தைராய்டு எதிர்ப்பொருளுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் தைராய்டு சுரப்பு சரியாக உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில் குழந்தைப்பேறு கூடவில்லை. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் பார்த்தது ரத்தநோய் மருத்துவர் ஒருவரை. அவர் கேட்ட கேள்விகளிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எத்தனையாவது வாரம்? ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா? சமீபத்தில் காய்ச்சல் வந்ததா? ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? 10 வாரத்துக்கு முன் கலைவதும், அதற்குப் பின் நன்றாக வளர்ந்த சிசு இறப்பதும் ஏபிஎஸ் நோயில் தனித்தனிக் கணக்கு. தொற்று வந்தால் இந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தலைகாட்டும். மருந்து இருந்தால் ரிசல்ட் குழம்பும்.

மூன்றே பரிசோதனைகள் எழுதினார்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின் எதிர்ப்பொருள், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வசதி இருந்தும், லேபுக்கு நேரில் போகச் சொன்னார். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனைக்கான ரத்தத்தைத் தாமதிக்காமல் இரண்டு தடவை சுழற்றித் தட்டணுக்களை நீக்க வேண்டுமாம். அதில் சேர்க்கும் ஒரு பொருள், நீர்த்த கண்ணாடி விரியன் விஷம்! இந்த எதிர்ப்பொருள் உள்ள ரத்தம் சோதனைக் குழாயில் தாமதமாக உறைகிறது; உடலுக்குள்ளோ எளிதாக உறைகிறது. உறைகட்டி மட்டும் காரணமில்லை என்றும் விளக்கினார். இந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியின் செல்களில் ஒட்டிக்கொண்டு அழற்சியைத் தூண்டி, அது கருப்பையில் சரியாக வேரூன்றவிடாமலும் செய்கின்றன.

எனக்குக் கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளில் ஐஜிஎம் என்ற வகை லேசாகக் கூடியிருந்தது. மற்ற இரண்டும் நெகட்டிவ். விடுமுறைக்குள் முடியாத விஷயம் இங்கேதான் வந்தது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவாக இருந்தால்தான் ஏபிஎஸ் என்று சொல்ல முடியும். எவ்வளவு வேகமான லேபாக இருந்தாலும் இந்த இடைவெளியைச் சுருக்க முடியாது. ஒரே ரிப்போர்ட்டை வைத்து, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் ஊசியை எழுதினால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். நோய் உறுதியானவர்களுக்கு அது நல்ல மருந்து. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. 1997-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஹெபாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. ஆனால் தேவையில்லாமல் தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வானேன்?

கிளம்பும் முன் லேபில் கேட்டு வாங்கியவை: பரிசோதனை முறை, அளவீட்டு அலகு, எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்ற விவரம். லேபுக்கு லேப் இவை மாறும். வெறும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கொண்டுபோனால் அங்கே யாருக்கும் பயன்படாது.

அந்தக் காகிதங்களைப் பார்த்ததும் இங்குள்ள மருத்துவர் மறுபேச்சில்லாமல் இரண்டாவது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஐஜிஎம் இயல்பு அளவுக்கு இறங்கியிருந்தது. சரி, ஏபிஎஸ் இல்லை. அடுத்து கருப்பை அமைப்பைப் பார்க்க ஸ்கேன்.