பிள்ளைகளுக்கு ஆடு காட்ட எங்கே போகலாம்: மன்னவனூரா, வாடிப்பட்டிப் பக்கமா?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நாத்தனார் குடும்பம் ஒரு சின்ன அல்பாகா பண்ணைக்குப் போய் எடுத்த வீடியோவை அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாண்டுகள் இரண்டும் ஒரே நச்சரிப்பு. அது பெருவின் ஆண்டிஸ் மலையில் கம்பளிக்காக வளர்க்கும் பிராணி, மதுரையில் எங்கே போய்த் தேட? நமக்குக் கைக்கெட்டுவது இரண்டுதான். ஒன்று, கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர் ஆட்டுப் பண்ணை. இன்னொன்று, வாடிப்பட்டிப் பக்கம் கச்சைகட்டி மாதிரி ஊர்களில் குடும்பமாக ஆடு வளர்க்கிறவர்களின் பட்டி. இரண்டுக்கும் கூட்டிப்போய்விட்டு வந்தோம். என் ஓட்டு பட்டிக்கு.

மன்னவனூரின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானில் தலைமையிடம் கொண்ட மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது. அங்கிருப்பவை பாரத் மெரினோ. ராஜஸ்தானின் சோக்ளா, நாலி ஆடுகளோடு வெளிநாட்டு மெரினோ, ராம்பூலே இனங்களைக் கலந்து உருவாக்கியவை. உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கம்பளி. வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். முயல்களும் உண்டு. பச்சைப் புல்வெளியும் குளிரும் சேர்ந்தால் போட்டோ பிரமாதமாக வரும். கம்பளி தரும் ஆட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால் வேறு வழியில்லை. நம் சமவெளி ஆட்டுக்கு இந்த வெயிலில் கம்பளி எதற்கு?

ஆனால் மதுரையிலிருந்து போக மட்டும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டியதும் வளைவுகள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். போனபின் ஆடுகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. ஆராய்ச்சி நிலையம் என்பதால் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது.

பட்டிப் பக்கம் வந்தால், கச்சைகட்டிக் கருப்பு ஆடு செம்மறியில் தனி இனமாகவே அரசால் பதிவு செய்யப்பட்டது. கருகருவென்று இருக்கும். கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். கிடாக்களுக்கு முறுக்கிய கொம்பு, முட்டுக்குப் பேர்போனவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காசு, தூரம் எல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது நேரம். காலையில் வெயில் ஏறினால் மந்தை மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். பதினொரு மணிக்குப் போய் நின்றால் காலி பட்டியும் புழுக்கையும்தான். சாயங்காலம், மந்தை திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட வேண்டும். குட்டிகளைக் கவிழ்த்த பெரிய கூடைக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். தூரத்தில் புழுதி தெரிந்ததுமே உள்ளே கத்தல் ஆரம்பிக்கும். கூடையைத் தூக்கியதும் அத்தனை குட்டியும் பாய்ந்து, மந்தைக்குள் புகுந்து, தன் தாயைத் தேடும். தாய் வாலடியில் மோந்து பார்க்கும். தன் குட்டி இல்லையென்றால் முட்டித் தள்ளிவிடும். சரியான குட்டி மடியில் முட்டி முட்டிக் குடிக்கும்போது வால் மட்டும் படபடவென்று ஆடும். எங்கள் பையன் அரைமணி நேரம் வாயைத் திறக்கவில்லை, அவன் விஷயத்தில் இது அதிசயம். குட்டி குடித்து முடித்ததும் அந்த வீட்டு அக்கா ஒன்றைத் தூக்கி அவன் மடியில் வைத்தார். "பயப்படாத தம்பி, வயித்துக்கடியில கையக் குடு" என்றார். அல்பாகா பேச்சு அத்தோடு சரி.

சில எச்சரிக்கைகள். கிடாவின் நெற்றியைத் தடவ விடாதீர்கள். விளையாட்டுக்குத் தள்ளினாலும் அது முட்டக் கூப்பிடுவதாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டில் மிஞ்சிய சோறு, இட்லி எதையும் கொடுக்காதீர்கள். நிறையத் தின்றால் வயிற்றில் புளித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு அதே செருப்போடு போவதும் சரியில்லை. ஆட்டுக்கொல்லி மாதிரி நோய் ஒரு மந்தையில் நுழைந்தால் அந்தக் குடும்பத்தின் வருமானமே போச்சு.

மழைக்காலத்தில் பட்டிக்குப் போனதில்லை, சேறும் ஈயும் எப்படியிருக்குமோ, அதற்கு நான் பொறுப்பில்லை. கைக்குழந்தை இருப்பவர்களும் யோசிக்க வேண்டும், நிழலில் உட்காரக் கட்டிலைத் தவிர வேறு வசதி எதிர்பார்க்க முடியாது.

டிக்கெட் கிடையாது என்பதற்காகச் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். தெரிந்தவர் மூலம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் காசு நீட்டியதற்கு வாங்கவே இல்லை. அடுத்த தடவை அகத்திக்கீரை இரண்டு கட்டு வாங்கிப் போனோம், மறுபேச்சில்லாமல் ஆடுகள் பக்கம் எடுத்துப் போட்டார்கள்.