கண்ணாடி உடைந்தால் கத்துமா? கார் அலாரத்துக்கு எந்த சென்சார் சரி

கம்பெனியிலிருந்து வரும் கார் அலாரம் எதையெல்லாம் கவனிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை போதும். டிரைவர் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு வெளியே வந்து ரிமோட்டில் லாக் போடுங்கள். ஒரு நிமிடம் விட்டு, கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி சீட்டில் இருக்கும் பையை எடுங்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் சத்தமே வராது. கதவு, டிக்கி, சில மாடல்களில் பானெட் திறக்கிறதா என்பதை மட்டும்தான் அந்த அலாரம் பார்க்கிறது. இம்மொபிலைசர் வண்டியை ஓட்டிக்கொண்டு போவதைத் தடுக்கும். பின்சீட்டு லேப்டாப் பையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க ஆக்சஸரீஸ் கடையில் நாலு பொருள் காட்டுவார்கள்: ஷாக் சென்சார், கண்ணாடி உடையும் சத்தத்தைப் பிடிக்கும் கிளாஸ் பிரேக் சென்சார், அல்ட்ராசோனிக், மைக்ரோவேவ். நாலுமே திருடனைப் பிடிக்கும் என்றுதான் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். என் கேள்வி வேறு. மூன்று மாதம் கழித்தும் நீங்கள் அணைத்து வைக்காமல் விட்டிருக்கப் போவது இதில் எது? நடுராத்திரியில் நாலு தடவை சும்மா கத்திய அலாரத்தைத் தெருவில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐந்தாவது தடவை வண்டிக்காரரே அதன் வயரைப் பிடுங்கிவிடுவார்.

கண்ணாடி எப்படி உடைகிறது

சென்சாருக்குப் போகும் முன் கண்ணாடியைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. முன்கண்ணாடி லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது; விரிசல் விடும், உதிராது. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்ட். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, குளிர்காற்றை அடித்துச் சட்டென்று ஆற வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி மெதுவாக ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து இழுக்கும். அதனால் வெளிப்புறம் எப்போதும் நெருக்கத்திலும் நடுப்பகுதி எப்போதும் இழுபட்டுக்கொண்டும் இருக்கும். உள்ளங்கையால் அறைந்தால் தாங்கும். வெளிப்புற அடுக்கைத் தாண்டி ஒரு கூரான கீறல் இறங்கிவிட்டால் தேக்கிவைத்த விசை முழுக்க ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி கற்கண்டுத் துண்டுகளாக உதிரும்.

திருடர்களுக்கு இது தெரியும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் அலுமினியம் ஆக்ஸைடு. கண்ணாடியைவிட மிகக் கடினம்; அதன் சில்லு ஒன்றை வீசினாலே அந்தக் கூரான கீறல் விழுந்துவிடும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் திருடும் நோக்கத்தோடு அந்தப் பீங்கான் சில்லுகளை வைத்திருப்பதே குற்றம். அங்குள்ள தண்டனைச் சட்டத்தின் 466ஆவது பிரிவு அதைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் 2017-ல் 31,000-க்கும் மேற்பட்ட கார் உடைப்புப் புகார்கள் பதிவான ஊர் அது; சட்டம் அவ்வளவு குறிப்பாகப் பேசுவதில் ஆச்சரியமில்லை. நமக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான். இப்படி உடைத்தால் வண்டி குலுங்காது.

ஷாக் சென்சாரின் சங்கடம்

நம் ஊர் அலாரம் கிட்டுகளில் கூடவே வருவது இதுதான். அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு சின்னப் பெட்டி. டேஷ்போர்டுக்கு அடியில் திருகிவிடுவார்கள். நல்லவற்றில் இரண்டு நிலை இருக்கும். லேசாகத் தட்டினால் இரண்டு மூன்று பீப். பலமாக இடித்தால் முழு சைரன். விலை குறைவு, கரண்ட் இழுப்பது மிகக் குறைவு, எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் போட்டுவிடுவார். வீல் கழற்றுகிறவனையும், கதவை நெம்புகிறவனையும், உரசிவிட்டு ஓடுகிற பைக்காரரையும் இது கண்டுகொள்ளும். மற்ற மூன்றாலும் முடியாத வேலை அது.

சங்கடம் அந்தப் பெட்டியில் இருக்கும் திருகில் ஆரம்பிக்கிறது. முதல் நாள் உணர்திறனை நன்றாக ஏற்றி வைப்பீர்கள். அன்று ராத்திரி தண்ணி லாரி போனால் கத்தும். சைலன்சர் மாற்றிய புல்லட் போனால் கத்தும். இடி இடித்தால் தெருவில் இருக்கிற எல்லா வண்டியும் சேர்ந்து கத்தும். தீபாவளிக்கு முந்தைய வாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொஞ்சம் குறைப்பீர்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். லாரிக்குக் கத்தாத அளவுக்கு இறக்கியபின், பீங்கான் சில்லில் உடையும் கண்ணாடிக்கும் அது கத்தாது. இரண்டு அதிர்வுக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை; பல நேரம் லாரியின் அதிர்வுதான் பெரிது. ஆக, கண்ணாடிக்காக ஷாக் சென்சாரை நம்புவது வீண். நாலு டயருக்காக நம்பலாம்.

கேட்கிற சென்சார்

கிளாஸ் பிரேக் சென்சார் அடிப்படையில் ஒரு மைக்கும் ஒரு வடிகட்டியும். கண்ணாடி உடையும்போது இரண்டு சத்தம் வரும்: முதலில் தாழ்ந்த சுருதியில் ஒரு 'தொப்', உடனே சில்லுகள் நொறுங்கும் உயர்ந்த சுருதி. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால்தான் தரமான சென்சார் சிக்னல் கொடுக்கும். வெளியே ஹாரன் அடித்தால் முதல் பாதி இல்லை. கதவை அறைந்து சாத்தினால் இரண்டாம் பாதி இல்லை. தவறான அலறல் விஷயத்தில் நாலிலும் இதுதான் முதல் இடம். அணைத்து வைக்கத் தோன்றாத சென்சார் என்றால் இதுதான்.

குறைகளும் உண்டு. பீங்கான் சில்லில் உடையும்போது அந்த முதல் 'தொப்' மெலிந்துவிடும். இரண்டு சத்தத்துக்கும் காத்திருக்கும் சென்சார் அங்கே தயங்கலாம். அதனால் அட்ஜஸ்ட்மென்ட் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அது கவனிப்பதும் ஒரே ஒரு கணத்தைத்தான். கதவை நெம்பினாலோ, ரப்பர் பீடிங்கை எடுத்துவிட்டுக் கண்ணாடியை முழுசாகக் கழற்றினாலோ அதற்குத் தெரியாது.

எங்கே பொருத்துகிறார்கள் என்பதில்தான் பாதி வெற்றி. டேஷ்போர்டுக்குள் கார்பெட்டுக்குப் பின்னால் சொருகிவிட்டால் போச்சு. உயர்ந்த சுருதியைச் சீட்டுத் துணியும் பஞ்சும் முதலில் விழுங்கிவிடும். ஏ பில்லர் (முன்கண்ணாடியின் ஓரத்துத் தூண்) அல்லது ரூஃப் லைட் பக்கம், கண்ணாடிகளுக்கு நேராக இருக்க வேண்டும். ஸ்பீக்கர், ஏசி வென்ட் பக்கத்தில் கூடாது. இன்னோவா, எர்டிகா மாதிரி மூன்று வரிசை வண்டியில் முன்னால் வைத்த ஒரு மைக் கடைசி வரிசையின் சின்னக் கண்ணாடியைக் கேட்கும் என்று நம்ப வேண்டாம். அந்தச் சின்னக் கண்ணாடியைத்தான் பல இடங்களில் முதலில் உடைக்கிறார்கள். அங்கே கையை விட்டு சீட்டை மடக்கினால் டிக்கியில் இருப்பதும் தெரிந்துவிடும்.

வெயிலும் அலையும்

அல்ட்ராசோனிக் பல ஐரோப்பிய கார்களில் கம்பெனியிலிருந்தே வருகிறது. காதுக்குக் கேட்காத, சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உள்ளே பரப்பி, அது திரும்பி வருவதில் மாற்றம் தெரிந்தால் அலறும். கண்ணாடி எப்படி உடைந்தாலும் சரி, உடையாமலே ஒரு கை நுழைந்தாலும் சரி, பிடித்துவிடும். காகிதத்தில் பார்த்தால் இதை வெல்ல ஆளில்லை.

மே மாதத்து மதுரையில் நிறுத்திப் பாருங்கள். உள்ளே காற்று சூடேறிச் சுழலும். அந்தச் சுழற்சியே சில மலிவு சென்சார்களைக் குழப்பும். சூட்டுக்குப் பயந்து கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போவது நம் வழக்கம். அதில் காற்று நுழைந்தால் கத்தும். ரியர்வியூ கண்ணாடியில் தொங்கும் பொம்மை, சாமி படத்துக்குப் போட்ட பூச்சரம், உள்ளே மாட்டிக்கொண்ட ஈ, எல்லாமே எதிரி. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிறுத்துகிறவருக்கு இது அருமையான பொருள். தெருவோர வேப்பமரத்தடி ஆசாமிக்கு அல்ல.

மைக்ரோவேவ் சென்சார் ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பி அசைவைக் கவனிக்கும். அதற்குக் காற்றும் சூடும் பொருட்டில்லை. அதன் அலை கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் ஊடுருவி வெளியே போய்விடுவதுதான் பிரச்சினை. நாலடி சந்தில் வண்டியை ஒட்டி நடந்து போகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். துணிக் கூரை போட்ட மஹிந்திரா தார் ஜீப் வைத்திருப்பவருக்கு மட்டும் இதைச் சொல்வேன். உடைவதற்கு அங்கே கண்ணாடியைவிடக் கிழிவதற்குத் துணி அதிகம்.

ஃபிலிம் ஒட்டினால் சென்சார் வேண்டாமா

இதையும் போட்டியில் சேர்க்க வேண்டும். நிறமில்லாத சேஃப்டி ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடி உடைந்தாலும் உதிராது. திருடன் அதைக் குத்திக் கிழித்துக் கை விட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். சட்டம் கொஞ்சம் சிக்கல். மத்திய மோட்டார் வாகன விதி 100 முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றம் 2012-ல் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்த அளவுக்கு உட்பட்ட, தரச்சான்று பெற்ற ஃபிலிமுக்குத் தடையில்லை என்றது. சிக்னலில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் இத்தனையையும் விளக்கும் பொறுமை வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி உடையும்போது சில்லுகள் சிதறும் அந்த உயர்ந்த சத்தம் அடங்கிவிடும். கிளாஸ் பிரேக் சென்சார் காத்திருப்பதே அந்தச் சத்தத்துக்குத்தான். பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட்டாக வரும் விலை உயர்ந்த கார்களிலும் இதே கதை. அங்கெல்லாம் மைக் வாங்குவது பணத்துக்குக் கேடு.

டேஷ்கேமின் பார்க்கிங் மோடு பற்றியும் கேட்பார்கள். அது படம் எடுக்கும், திருடனை விரட்டாது. 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர். சின்ன காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாளில் பாதி காலி. 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு சென்சாருக்கு ஒரு மாதம் முழுக்க 3.6 ஆம்பியர் ஹவர்தான் செலவு.

வயரிங்

தனி அலாரம் கிட் இருந்தால் வேலை எளிது. சென்சாருக்கென்றே ஒரு சாக்கெட் இருக்கும், இரண்டு சென்சார் போட வேண்டுமென்றால் டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம்) வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். கம்பெனி அலாரத்தோடு இணைப்பதில்தான் கவனம் தேவை. சென்சார் சிக்னல் கொடுக்கும்போது அதன் வயர் எர்த் ஆகும். அந்த வயரைப் பானெட் சுவிட்ச் வயரோடு டயோடு வழியாகச் சேர்த்தால், கண்ணாடி உடைந்ததைப் பானெட் திறந்ததாக எண்ணி அலாரம் அடிக்கும். கதவு சுவிட்சில் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் வண்டி ஓட்டும்போது பாட்டுச் சத்தத்துக்கெல்லாம் உள்விளக்கு எரியும். லாக் போட்டால் மட்டும் சென்சாருக்குக் கரண்ட் போகும்படி ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வைக்க வேண்டும். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற ஆள் என்றால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். வாரன்டி இருக்கும் வண்டியில் வயரை வெட்டாமல் சொருகும் கப்ளர் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

தெருவில் நிறுத்தும் சாதாரண ஹேட்ச்பேக்குக்கு என்ன போடலாம் என்று கேட்டால், கிளாஸ் பிரேக் சென்சாரை முதலிலும், லாரிக்குக் கத்தாத அளவுக்கு இறக்கிவைத்த ஷாக் சென்சாரை டயருக்காகவும் சொல்வேன். ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் மைக் மட்டும். ஃபிலிம் ஒட்டியாகிவிட்டதா, மைக்கை மறந்துவிட்டு ஷாக் சென்சாரின் பீப் நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ளவர் தயங்காமல் அல்ட்ராசோனிக் போடலாம், உள்ளே குழந்தையோ நாயோ இருக்கும்போது அதை அணைக்க ஒரு பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு.

வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன், எல்லாக் கதவையும் சாத்தி லாக் போடச் சொல்லிவிட்டு, சாவிக்கொத்தால் ஒவ்வொரு கண்ணாடியையும் தட்டிப் பாருங்கள். முன்கண்ணாடிக்கு மட்டும் அடித்து, பின்பக்கச் சின்னக் கண்ணாடிக்கு அடிக்கவில்லை என்றால், மைக் இருக்கும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.