செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் இந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்

என் காரில் இந்த விளக்கு எரிந்து, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு ஸ்கேனரில் வந்ததும், வேறொரு இடத்தில் எதையும் பரிசோதிக்காமலே, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னார்கள். கோவை கணபதியில் இருக்கும் இந்தச் சின்ன ஒர்க்‌ஷாப் அண்ணன் அப்படி இல்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, கன்வெர்ட்டருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜையும் எனக்கே காட்டினார்: முன்னால் இருப்பது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளும், கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் இருப்பது பெரிதாக ஆடாமல் 0.6, 0.7 பக்கம் நிற்கும். என் காரில் பின்னால் இருப்பதும் துள்ளியது. அப்புறம் புகை விட்டுப் பார்த்தால், சைலன்சர் குழாய் இணைப்பில் கேஸ்கெட் போய்க் கசிவு! வெளிக்காற்று உள்ளே புகுந்தால் சென்சார் தவறாகக் காட்டும். கேஸ்கெட்டை மாற்றி, ஓட்டிப் பார்த்த பிறகுதான் பில் போட்டார். விளக்கு திரும்ப வரவில்லை. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள், மிஸ்ஃபயர் ஆகி, அதாவது இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் போய், கன்வெர்ட்டர் நிஜமாகவே உருகிவிடலாம். சனிக்கிழமை கூட்டம் அதிகம், போன் பண்ணிவிட்டுப் போங்கள்.