காட்பாடியில் பெண்களுக்கென ஒரு கிட்டார் வகுப்பு

வேலூரில் கிட்டார் கற்றுத்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தேவாலயப் பாடகர் குழுவானாலும் கல்லூரி விழாவானாலும், பையன்கள் கிட்டாரைப் பிடிக்கப் பெண்கள் மைக் முன் நின்று பாடுவது என்ற ஏற்பாடு இங்கே இன்னும் பெரிதாக மாறவில்லை. காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில், ஓய்வுபெற்ற பள்ளி இசை ஆசிரியை ஒருவர் வார இறுதி மாலைகளில் பெண்களுக்கு மட்டும் நடத்தும் வகுப்பு அந்த ஏற்பாட்டை ஏற்க மறுக்கிறது. என் மகள் அங்கே கற்கிறாள். பெற்றோரும் உடன் அமரலாம்.

பாடம் திரைப்பாடலில் தொடங்குவதில்லை. கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் தொடக்க காலத்தில், மேபெல் கார்ட்டர் என்ற கிட்டார் கலைஞரிடம் தொடங்குகிறது. 1927 ஆகஸ்டில், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவுக்கு வந்தபோது மேபெலுக்கு வயது 18; ஏழு மாதம் கடந்த கர்ப்பிணி. கார்ட்டர் குடும்பம் என்ற அவர்களின் குழுவில் முதன்மைக் குரலாகப் பாடிய சாரா கார்ட்டர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். பாட்டுக்குத் துணையாகத் தாளம் காப்பதே பெரும்பாலும் கிட்டாரின் வேலையாக இருந்த காலத்தில், மேபெல் அதில் மெட்டையே வாசித்தார். திரௌபதி வேடத்தையும் ஆண்களே கட்டிய கூத்து மரபில் வளர்ந்த வடார்க்காட்டுக்காரர்களுக்கு, ஒரு பெண் இப்படி வாசித்ததன் கனம் எளிதில் புரியும்.

அந்த வாசிப்பு முறையை ஆசிரியை சொல்லித்தரும் விதத்துக்காகவே இவ்வகுப்பைப் பரிந்துரைப்பேன். தம்ப் பிக் என்ற மீட்டும் வளையத்தை மாட்டிய கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக எடுக்க, சுட்டுவிரல் மெல்லிய கம்பிகளை உரசித் தாளத்தைக் காக்க வேண்டும். புதிதாகக் கற்பவரின் கட்டைவிரல் தாளத்தின் பின்னால் ஓடி, மெட்டைத் தொலைத்துவிடும். உடனே ஆசிரியை சுட்டுவிரலை மடக்கச் சொல்லி, கட்டைவிரலை மட்டும் வைத்து முழுப் பாட்டையும் வாசிக்க வைக்கிறார். "பாட்டு இன்னதுன்னு கேக்கறவங்களுக்குத் தெரியணும்மா, அப்புறம் தாளம் சேத்துக்கலாம்" என்பார்.

பாடல்களின் பொருளையும் அவர் விடுவதில்லை. மணமாகாத பெண் கடைக்குப் போய் வேண்டியதை வாங்குகிறாள், மணமானவள் தொட்டிலாட்டி அழுகிறாள் என்று சாரா பிரிஸ்டலில் பாடிய பாடலை அவர் தமிழில் விளக்கியபோது, பேசிக்கொண்டிருந்த அம்மாக்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். சாராவே 1936இல் கணவர் ஏ. பி. கார்ட்டரை மணவிலக்குச் செய்தார்; அதன் பிறகும் குழு 1943 வரை சேர்ந்து பாடியது.

அடுத்த பாடம் கன்ட்ரி பாடகி கிட்டி வெல்ஸ். பெண்ணைப் பழித்துப் பாடகர் ஹேங்க் தாம்ப்சன் பாடியதற்கு மறுமொழியாக, மணமான ஆண்கள் மணமாகாதவர்போல் நடப்பதில் பழி இல்லையா என்று 1952இல் கேட்ட பாடல் அவருடையது. என்பிசி வானொலி அதைத் தடை செய்தது. ஆனாலும் பில்போர்டு இதழின் கன்ட்ரி பாடல் பட்டியலில் தனிப் பாடகியாக முதலிடம் பிடித்த முதல் பெண் அவரே. அதை எழுதியவர் ஜே. டி. மில்லர் என்ற ஆண் என்பதையும் ஆசிரியை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. கார்ட்டர் குடும்பத்திலிருந்தே எல்லாம் பிறந்தது என்ற எண்ணம் மாணவிகளுக்கு வந்துவிடுகிறது. 1924இலேயே பாஞ்சோவும் ஃபிடிலும் வாசித்த சமந்தா பம்கார்னர், ஈவா டேவிஸுடன் நியூயார்க் சென்று கொலம்பியா நிறுவனத்துக்காக ஒலிப்பதிவு செய்துவிட்டார்; அவர்களுக்கு ஒரு மாலையாவது ஒதுக்கியிருக்கலாம். வகுப்பில் தரும் கிட்டார்களில் கம்பிகள் உயரமாக இருப்பதால் சிறுமிகளின் விரல்கள் புண்ணாகின்றன. இயன்றவர்கள் சொந்தக் கிட்டார் கொண்டுசெல்வது நல்லது.

கட்டணம் மாதம் 800 ரூபாய். ஞாயிறு வகுப்பில் கூட்டம் அதிகம் என்பதால், ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து விரலைத் திருத்த வேண்டும் என்று விரும்புபவர்கள் சனிக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.